1951இல் விழுந்தது பழைய ஜோ லூயிஸ் அல்ல

"ஜோ லூயிஸையே நாக் அவுட் செய்தவர் மார்சியானோ. ஆகவே ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் லூயிஸைவிடப் பெரியவர் அவர்தான்" என்று நண்பர் எழுதியிருக்கிறார். சண்டை நடந்தது உண்மை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் கோணல்.

1951 அக்டோபர் 26, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அன்று மார்சியானோவுக்கு வயது 28, லூயிஸுக்கு 37. லூயிஸ் 1949இல் பட்டத்தோடு ஓய்வு பெற்றவர். வருமான வரி பாக்கி கழுத்தை நெரித்ததால்தான் மறுபடியும் கையுறை மாட்டினார். 1950இலேயே எஸார்ட் சார்ல்ஸ் என்ற வீரரிடம் தோற்றிருந்தார். எட்டாவது சுற்றில் மார்சியானோவின் குத்தில் கயிறுகளுக்கு வெளியே சரிந்து மேடை விளிம்பில் கிடந்தார். காணச் சகிக்காத காட்சி. வென்றவரே பிறகு அவருடைய உடைமாற்றும் அறைக்குப் போய் அழுதார் என்பார்கள்.

அது பட்டத்துக்கான சண்டையும் அல்ல. மார்சியானோ சாம்பியனானது 1952 செப்டம்பரில்.

எண்ணிக்கை பார்ப்பதென்றால் முழுதாகப் பாருங்கள். மார்சியானோவுக்கு 49 சண்டைகளில் தோல்வியே இல்லை, சரி. ஆனால் பட்டத்தை அவர் காத்தது 6 முறை. லூயிஸ் காத்தது 25 முறை.

மார்சியானோவை நான் மட்டம் தட்டவில்லை. 1952இல் பட்டத்துக்காக அப்போதைய சாம்பியன் வால்காட்டுடன் மோதியபோது முதல் சுற்றிலேயே விழுந்தார், புள்ளிகளிலும் பின்தங்கினார். பிறகு பதின்மூன்றாவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்து, வால்காட் கயிற்றோடு சரிந்தார். புகழ்வதற்கு அந்த இரவு இருக்கும்போது, லூயிஸ் சண்டையை ஏன் இழுக்கிறீர்கள்?