256 இலைப் பந்தி

(டிடிபி சென்டர். மாப்பிள்ளையின் பெரியப்பா செல்போனை மூக்குக்கு ஓர் அங்குலத்தில் பிடித்தபடி வருகிறார்.)

பெரியப்பா: தம்பி, அசையும் பத்திரிகை கேட்டேன், சரி. மாப்பிள்ளை முகமெல்லாம் ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது? அம்மை வார்த்துவிட்டதா?

கடைக்காரர்: இல்லைங்க ஐயா, ஜிஃப் பைல் அப்படித்தான். 1987-இல் வந்த சரக்கு. அசைவில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது ஒரு ஃபிரேமுக்கு, 256 நிறம்தான் தாங்கும்.

பெரியப்பா: போதாதா? எங்கள் வீட்டுக்கே மூன்று நிறம்தான் அடித்திருக்கிறோம்.

கடைக்காரர்: பொண்ணு மயில்கழுத்துப் பட்டு கட்டியிருக்காங்களே! பச்சை, நீலம், ஜரிகை என்று அதுவே முக்கால்வாசியைப் பிடித்துவிட்டது. மிச்சப் பழுப்பில்தான் மாப்பிள்ளை. இல்லாத நிறத்துக்கு, இருக்கிற நிறத்தைப் புள்ளியாகத் தூவி ஒப்பேற்றியிருக்கிறது.

பெரியப்பா: 256 இலை போட்ட பந்தியில் 200 இலை பெண் வீட்டாருக்கு! நிச்சயதார்த்தத்திலும் இதே கதைதான்.

கடைக்காரர்: புள்ளியை எடுத்துவிடட்டுமா? கன்னத்தில் பட்டை பட்டையாக விழும்.

பெரியப்பா: அம்மையே பரவாயில்லை. எத்தனை எம்பி?

கடைக்காரர்: 38.

பெரியப்பா: ஆறு விநாடிக்கா! சம்பந்தி அதைத் திறப்பதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடுமே.

கடைக்காரர்: பின்னால் பூ கொட்டுகிறது பாருங்க, அதுதான். ஜிஃப்புக்கு நகர்வு என்றால் என்னவென்றே தெரியாது. மாறிய இடத்தையெல்லாம் திரும்ப எழுதும். தூவின புள்ளிகளும் சேர்ந்தால் சுருங்கவே சுருங்காது. எம்பி4 வீடியோ என்றால், ‘இந்தப் பூ கொஞ்சம் கீழே வந்தது’ என்று குறித்துக்கொண்டு போய்விடும்.

பெரியப்பா: வேறு எதுவும்?

கடைக்காரர்: ஏபிஎன்ஜி என்று இன்னொரு அசையும் பட வகை. நிறம் அப்படியே வரும், ஆனால் போட்டோவுக்கு அளவு ஊதிவிடும். பிள்ளையாரை மட்டும் வெட்டி அசையும் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் போடுவதென்றால் வெப்பி (WebP) என்கிற பட வகை. 500 கேபிக்குள் அடக்கணும்.

பெரியப்பா: தொந்தியே தாண்டுமேப்பா. எனக்கு ஜிஃப்தான் வேண்டும். சின்னவன் அப்படித்தான் சொல்லி அனுப்பினான்.

கடைக்காரர்: வாட்ஸ்அப்பில் ஜிஃப் என்று போவதே உள்ளுக்குள் எம்பி4தாங்க.

பெரியப்பா: உப்புமாவைக் கிண்டிவிட்டுக் கிச்சடி என்கிறார்களா! சரி, அதையே போடு.

(சிறிது நேரம். 2 எம்பியில் வந்து விழுகிறது.)

பெரியப்பா: அடடா, முகம் பளிச்சென்று... தம்பி, பெயரில் ‘ர’வுக்கு மேல் புள்ளி எங்கே?

கடைக்காரர்: (பழைய பைலைத் திறந்து) ஜிஃப்பில் இருக்கிறதே, பாருங்க.

பெரியப்பா: அது தூவின புள்ளிடா! ‘காரத்திக்’ என்று அடித்திருக்கிறாய். மாப்பிள்ளையா, மிளகாய்ப்பொடியா? பத்திரிகை எத்தனை அச்சடித்தாய்?

கடைக்காரர்: ஐந்நூறு... ஐயா, அந்த ஜிஃப்பையே எல்லோருக்கும் அனுப்பிவிடலாமா?