முதலில் பெல்ட், அப்புறம் உறை, கடைசியில்தான் துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி போன் செய்தார். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷனை எடுத்து நடத்துகிறார், மூன்று மாதம்தான் ஆகிறது. க்ரீன் கார்டு போன வருடம் கைக்கு வந்தது. இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, அன்றைய கல்லாப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் குறைந்த பார்க்கிங்கைத் தாண்டிக் காருக்கு நடக்க வேண்டும். "அண்ணா, லைசென்ஸ் எடுத்துட்டேன். எந்தத் துப்பாக்கி வாங்கலாம்னு சொல்லுங்க" என்றார். "இப்ப என்ன பெல்ட் கட்டுறீங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

அவருக்குப் போனில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நானும் அதே தொழிலில் இருப்பவன், பதினோரு வருடமாக இடுப்பில் துப்பாக்கியோடு கடையில் நிற்கிறேன். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற விவாதம் இந்தப் பதிவில் இல்லை. யோசித்து, வீட்டில் பேசி, சட்டப்படி முடிவெடுத்துவிட்டவர்களுக்காக எழுதுவது இது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் மாதிரியான சில விலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கியை விளையாட்டாக வாங்கிச் சுட்டுப்பார்ப்பதும் வம்பில் மாட்டிவிடும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு தடை இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனாலும் லைசென்ஸ் எடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த வகுப்பில்தான் எங்கே கொண்டுபோகக் கூடாது என்பது மண்டையில் ஏறும். துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் 30.06 பலகை வாசலில் இருக்கும் கடை, சிவப்பில் 51% என்று எழுதியிருக்கும் மதுக்கூடம், பள்ளிக்கூடம், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கோயிலைப் பொறுத்தவரை, சட்டம் என்ன சொன்னாலும், நான் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம்.

முதல் வருடம் நானும் எல்லோரையும் போலத் துப்பாக்கிக்குத்தான் பணத்தைச் செலவழித்தேன். க்ளாக் 19. ஐநூறு டாலருக்கு மேல் ஆனது. மிச்சமிருந்த இருபத்தைந்து டாலரில் அதை வைக்க ஒரு உறை. பெல்ட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆபீஸ் பேண்ட்டுக்குக் கட்டும் மெல்லிய கறுப்பு பெல்ட் ஒன்று அலமாரியில் கிடந்தது, அதையே கட்டினேன். க்ளாக் 19 பதினைந்து தோட்டாவோடு சேர்த்து சுமார் 850 கிராம் வரும். ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை இடுப்பின் ஒரே பக்கத்தில் செருகிக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் கல்லாவில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

காலை பத்து மணிக்குள் பேண்ட் வலது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். இழுத்துவிடுவேன். மறுபடி இறங்கும். ஒரு ஓட்டை உள்ளே தள்ளிக் கட்டினால் மதியம் சாப்பிட்டபின் மூச்சு முட்டும். உறையின் கிளிப் பெல்ட்டின் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடக்கிவிடும். அதனால் துப்பாக்கியின் பிடி உடம்பை விட்டு விலகி, கதவுக் கைப்பிடி மாதிரி வெளியே சாய்ந்து நிற்கும், சட்டை அதன்மேல் கூடாரம் போட்டிருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் இடுப்பெலும்பின் மேல் ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றிப்போயிருக்கும். அந்தத் தழும்பு இன்றைக்கும் லேசாகத் தெரிகிறது.

வலியை நான் பெரிதாகச் சொல்லவில்லை. வலிக்கிறதே என்று நான் செய்த காரியம்தான் பெரிய தப்பு. முதலில் கல்லாவுக்குக் கீழே இருக்கும் டிராயரில் கழற்றி வைக்க ஆரம்பித்தேன். அப்புறம் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போனேன். அமெரிக்காவில் திருட்டுத் துப்பாக்கிகள் கிளம்பும் முக்கியமான இடம் பார்க்கிங்கில் நிற்கும் கார்தான். கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கியை எடுத்துப்போகிறவன் அதை வைத்து என்ன செய்வான் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது திருடு போகவில்லை, அது கடவுள் புண்ணியம். ஆனால் உடம்பில் வசதியாக உட்காராத துப்பாக்கி கொஞ்சநாளில் உடம்பை விட்டு இறங்கிவிடும், இறங்கிய இடமெல்லாம் ஆபத்து. அதனால்தான் வசதி என்பதைச் சொகுசு விஷயமாக நான் பார்ப்பதில்லை.

ஒருநாள் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று எடுத்துப் பழகினேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான். சட்டையைத் தூக்கிப் பிடித்து இழுத்தால், துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து கையில் வந்துவிட்டது. கிளிப் அந்த மெல்லிய பெல்ட்டைப் பிடிக்கவே இல்லை. உறை மாட்டிய துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். நிஜமாகவே தேவைப்பட்ட ராத்திரியாக இருந்திருந்தால்?

கிராமத்தில் தண்ணீர்க்குடம் தூக்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். குடத்தை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைப்பார்களே தவிர, சதையில் தொங்கவிட மாட்டார்கள். பெல்ட்டின் வேலையும் அதுதான். ஒரு பக்கத்து எடையை வாங்கி இடுப்பைச் சுற்றிலும் பரப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு அது விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் சோதிக்க ஒரு வழி: பெல்ட்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். சாதாரண பெல்ட் நடுவில் மடிந்துகொள்ளும், துப்பாக்கிக்கென்று செய்த பெல்ட் அசையாது. இரண்டு அடுக்குத் தோலைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், அல்லது உள்ளே மெல்லிய எஃகுப் பட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ வைத்திருப்பார்கள். அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். உங்கள் பேண்ட்டின் பெல்ட் வளையத்தில் அது நுழைகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓட்டை போட்ட பெல்ட்டைவிட, பல் பல்லாக நகரும் ராட்செட் பெல்ட்தான் என் சாய்ஸ். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு அங்குலம் இருக்கும். ராட்செட்டில் கால் அங்குலம் கால் அங்குலமாக நகர்த்தலாம். நின்றால் ஒரு அளவு, உட்கார்ந்தால் ஒரு அளவு, சாப்பிட்டபின் இன்னொரு அளவு என்று நம் வயிறு மாறிக்கொண்டே இருக்கிறது, அதற்கு இது தோது. எனக்கு 54 வயது, தொப்பை இருக்கிறது. மதியம் ஒரு சொடுக்குத் தளர்த்திக்கொண்டால் சாயங்காலம் வரை தொந்தரவில்லை. இடுப்புக்கு உள்ளே செருகும் உறை என்றால் பேண்ட்டையும் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ பெரிதாக எடுங்கள். இத்தனைக்கும் சேர்த்து நூறு டாலருக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது உறை, அதாவது ஹோல்ஸ்டர். நம் ஆட்களுக்குத் துப்பாக்கி சினிமாவில் பழக்கம். ஹீரோ முதுகுப்பக்கம் பேண்ட்டில் வெறுமனே செருகிக்கொண்டு நடப்பார். அதைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் செய்யாதீர்கள். ப்ளாக்ஸிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக சூப்பர் பவுலில் வெற்றிப் புள்ளியை எடுத்தவர். அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கில் ஒரு நைட் கிளப்பில், இடுப்பில் செருகியிருந்த க்ளாக் காலோடு வழுக்கி இறங்கியது. தடுத்துப் பிடிக்கப்போன கை விசையில் (டிரிக்கரில்) பட்டு, தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். நியூயார்க்கில் செல்லும் லைசென்ஸும் இல்லாததால் இரண்டு வருடச் சிறைத் தண்டனை வேறு.

உறை இருந்தும் அது பிடித்துவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், 2018 ஜூனில் டென்வரில் நடந்தது. டியூட்டியில் இல்லாத எஃப்பிஐ ஏஜெண்ட் ஒருவர் ஒரு மதுக்கூடத்தில் நடனத்தின் நடுவே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டார். இடுப்பிலிருந்து துப்பாக்கி தரையில் விழுந்தது. அவசரமாக எடுக்கும்போது வெடித்து, சும்மா நின்றிருந்தவர் காலில் பாய்ந்தது. பயிற்சி பெற்றவருக்கே அந்த நிலை.

அதனால் உறையில் நான் முதலில் பார்ப்பது விசை முழுவதும் கடினமான பொருளால் மூடப்பட்டிருக்கிறதா என்பது. மெல்லிய துணி உறை வேண்டவே வேண்டாம், துணிக்கு மேலேயே விசையை அழுத்திவிட முடியும். அப்புறம், காலித் துப்பாக்கியை உள்ளே போட்டுத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழக் கூடாது. துப்பாக்கியை எடுத்தபின் உறையின் வாய் சுருங்காமல் திறந்தே இருக்க வேண்டும்.

தோலா, கைடெக்ஸா என்று கேட்பார்கள். கைடெக்ஸ் என்பது சூடாக்கித் துப்பாக்கியின் வடிவத்துக்கு அச்சு வார்க்கும் பிளாஸ்டிக் தகடு. தோல் உடம்புக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹூஸ்டன் ஆகஸ்ட் மாத வியர்வையில் தோல் ஊறிப்போய், சில மாதத்தில் தொய்ந்துவிடுகிறது. நான் கைடெக்ஸுக்கு மாறி எட்டு வருடம் ஆகிறது. உள்ளே ஒரு பனியன் போட்டுக்கொண்டால் தோலில் உரசாது. விசைப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன இறக்கை வைத்த உறைகள் இப்போது நிறைய வருகின்றன. அந்த இறக்கை பெல்ட்டின் உள்பக்கத்தில் முட்டி, துப்பாக்கியின் பிடியை உடம்போடு திருப்பி அழுத்தும். பெல்ட் விறைப்பாக இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். தொளதொள பெல்ட்டில் முட்டினால் பெல்ட்தான் நகரும்.

எங்கே வைப்பது? தொப்புளைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், எனக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், மூன்றரை மணி. ஒல்லியானவர்கள் முன்பக்கம் ஒரு மணியில் வைக்கிறார்கள். எடுக்கவும் மறைக்கவும் அது நல்ல இடம், ஆனால் விசை விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். நட்டநடு முதுகு மட்டும் வேண்டாம். மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் அந்த இரும்புதான் இருக்கும். ஹேண்ட்பேக்கும் வேண்டாம். 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோ மாநிலம் ஹேடனில், ஒரு தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுப் பிள்ளை எடுக்க, அது வெடித்து அந்தத் தாய் அங்கேயே உயிரை விட்டார். வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெல்ட் கட்டாத உடை போடும் பெண்களுக்கு, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையில் கடினமான உறை பொருத்தியது கிடைக்கிறது.

இன்னொன்று. துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவசரமே கிடையாது. சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ விசைக்குள் சிக்கினால் வெடித்துவிடும். விரலை விசையிலிருந்து எடுத்து, சட்டையை நன்றாகத் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து மெதுவாக வையுங்கள்.

துப்பாக்கிக்கு இப்போதுதான் வருகிறேன். புதிதாக வாங்குபவர்கள் இருப்பதிலேயே சின்னதைத்தான் கேட்பார்கள். ருகர் எல்சிபி காலியாக 270 கிராம்தான், சட்டைப்பையில் போனை வைத்த மாதிரி இருக்கும். ஆனால் சுடும்போது கையில் அடிக்கிற அடியில், ஐம்பது தோட்டாவுக்கு மேல் பழக மனசு வராது. பழகாத துப்பாக்கியால் என்ன பிரயோசனம்? 2018ல் சிக் சாவர் பி365 வந்தபிறகு நிலைமை மாறியது. ஒரு அங்குலத் தடிமன், அரைக் கிலோ எடை, பத்துத் தோட்டா மேகசின். தம்பிக்கு அதையோ க்ளாக் 43எக்ஸையோதான் சொல்லப்போகிறேன். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு, கைக்கு எது உட்காருகிறதோ அது.

பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் குழலின் நீளம். வெளியே தெரிவது குழல் இல்லை, பிடி. குழல் பேண்ட்டுக்குள் போய்விடுகிறது. கொஞ்சம் நீளமான குழல் பெல்ட்டுக்குக் கீழே தொடையோரம் அண்டி நிற்பதால் மேல்பாரம் குறைந்து, துப்பாக்கி வெளியே சாயாமல் இருக்கும். ஆகவே பிடி குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டை கட்டம் போட்டதோ பூப்போட்டதோ இருந்தால் உள்ளே இருக்கும் துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியாது. கடையில் கீழ்த்தட்டிலிருந்து தண்ணீர்ப் பெட்டி எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்காருங்கள், குனிந்தால் பிடி சட்டையில் புடைத்துக்கொண்டு தெரியும். அடிக்கடி தொட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். பெல்ட் சரியாக இருந்தால் கை தானாகவே அங்கே போகாது.

வருகிற சனிக்கிழமை அந்தத் தம்பி வீட்டுக்கு வருகிறார். தினமும் கடைக்குப் போடும் பேண்ட்டையே போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என் பழைய உறைகள் ஐந்தாறு கராஜில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. பயிற்சிக்கு விற்கும் நீலநிறப் பிளாஸ்டிக் மாதிரித் துப்பாக்கி ஒன்றும் இருக்கிறது, எடை ஏற்றியது. பெல்ட்டை இறுக்கி, அதை உறையில் வைத்து அனுப்பப்போகிறேன். கடையில் ஒரு முழு வாரம் அதோடு நிற்கட்டும், குனியட்டும், கார் ஓட்டட்டும். எந்த இடத்தில் உறுத்துகிறது என்று அவர் வந்து சொன்னபிறகு துப்பாக்கிக் கடைக்குப் போய்க்கொள்ளலாம்.