யாரும் தடுக்கவில்லை, நாமே நிறுத்திக்கொண்டோம்

இங்கே ஜப்பானில் நாம் தமிழர்கள் பூங்காவில் நடத்தும் விழாவில் பறை வேண்டாம் என்ற அந்தக் குழுச் செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஸ்க்ரீன்ஷாட் போடப் போவதில்லை. "இன்றைய சூழலில் நாமாகவே தவிர்த்துக்கொள்வோம்." சரி, யார் தடுத்தது? போலீஸா, பூங்கா அலுவலகமா? அனுமதிக் கடிதம் நம் கையில் இருக்கிறது, எத்தனை மணி வரை வாசிக்கலாம் என்றுகூட அதில் போட்டிருக்கிறது. யாரும் தடுக்கவில்லை, என் எரிச்சலே அதுதான். உத்தரவு என்றால் போட்டவரிடம் போய்க் காரணம் கேட்கலாம். நாமாகவே நிறுத்திக்கொண்டால் யாரிடம் கேட்பது?

ஜப்பானில் இருப்பவர்களுக்கு இந்த ஜிஷுகு, அதாவது யாரும் உத்தரவிடாமல் தாமாகவே அடக்கிக்கொள்வது, புதிதில்லை. 1988 செப்டம்பரில் பேரரசர் ஹிரோஹிட்டோ படுத்த படுக்கையானதும் ஊர் ஊராகத் திருவிழாக்களை ரத்து செய்தார்கள். நிசான் செஃபிரோ கார் விளம்பரத்தில் ஒரு பாடகர் "எல்லோரும் நலமா?" என்பார். அந்தக் குரலை எடுத்துவிட்டு வாயசைப்பை மட்டும் ஓட்டினார்கள்! எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 2020 ஏப்ரல் கொரோனா அவசரநிலையிலும் வெளியே வந்தவர்களுக்கு அபராதம் கிடையாது, வெறும் வேண்டுகோள்தான். மூடாத பச்சின்கோ என்ற சூதாட்ட விளையாட்டுக் கடைகளின் பெயரை ஒசாகா ஆளுநர் வெளியிட்டார். மற்றதை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டது, திறந்திருந்த கடைகளில் 'மூடு' என்று சீட்டு ஒட்டுவது உட்பட.

நான் அப்போதுதான் வேலை மாறி வேறு மாகாணத்துக்கு வந்திருந்தேன், காரில் பழைய நம்பர் பிளேட். ஒரு காலையில் வைப்பருக்கு அடியில் ஒரு தாள், அழகான கையெழுத்து, அத்தனை மரியாதையான ஜப்பானிய மொழி, ஊருக்குத் திரும்பிப் போகும்படி. என் மேனேஜர் நல்ல மனுஷர், 'இந்த மாகாணத்தில் வசிப்பவர்' என்ற ஸ்டிக்கரை வாங்கி வந்து கொடுத்தார். ஒட்டினேன். அபராதச் சீட்டாக இருந்திருந்தால் கட்டிவிட்டு மறந்திருப்பேன்.

"பிழைக்க வந்த இடத்தில் அடக்கமா இருக்கணும்ப்பா" என்பீர்கள். இருக்கிறோமே! குப்பையைப் பிரித்துப் போடுகிறோம், ரயிலில் போன் பேசுவதில்லை, இன்னும் என்ன? 2025 மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியரே முதலில்' என்ற சான்செய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்ததிலிருந்து பயமாக இருக்கிறது என்கிறீர்கள், எனக்கும்தான். ஆனால் அவர்கள் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன வேலை மிச்சம்? குழந்தைகளின் பாதுகாப்பு என்று ஒரு அக்கா சொன்னார், அதற்கு என்னிடம் பதில் இல்லை, விடுங்கள்.

ஆனால் ஒன்று பாருங்கள், நிகழ்ச்சி நிரலில் பரதநாட்டியம் அப்படியே இருக்கிறது. மைக்கில் சினிமாப் பாட்டு இருக்கிறது. பறைக்கு மட்டும்தான் சூழல் சரியில்லை! ஜப்பான்காரர்களின் முகச்சுளிப்பைச் சொல்லி நிறுத்தினீர்களா, இல்லை உங்கள் முகச்சுளிப்புக்கு ஜப்பான்காரர்கள் வசதியாகக் கிடைத்தார்களா? வாரவாரம் ஆற்றங்கரையில் குளிரில் நின்று பழகிய பிள்ளைகளிடம் எதைச் சொல்லட்டும்? "நாமாகவே" என்றா? அந்த "நாம்" கூடிப் பேசியபோது என்னை யாரும் கூப்பிடவில்லை.

இதைப் பொதுவில் போடாமல் நமக்குள்ளேயே பேசியிருக்கலாமே என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேண்டுகோள்தானாம், கட்டாயம் ஒன்றும் இல்லையாம்.