பட்டம்மாளை ‘முதல் பெண்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதைப் பற்றி

கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாளைப் பற்றி யார் எழுதினாலும், கச்சேரி மேடையில் ராகம் தானம் பல்லவி (ஒரு ராகத்தை விரித்து, கடைசியில் ஒரே வரியைத் தாளக் கணக்கோடு பாடும் பெரிய உருப்படி) பாடிய முதல் பெண் என்று தொடங்கி, பத்ம விபூஷண் வாங்கியதில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் பாடியது என்ன, அது ஏன் கடினம் என்று சொல்ல எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. முப்பது ஆண்டுகளாக அவருடைய பாட்டைக் கேட்டு வரும் எனக்கு இது ஒரு நீண்ட நாள் மனத்தாங்கல்.

முதலில் அந்த ‘முதல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். தேவதாசி மரபில் வந்த பெண்கள் அவருக்கு முன்பே இந்த இசையை மேடையில் சுமந்துகொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் தாயி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இசைத்தட்டுகளில் பாடியவர். வீணை தனம்மாளின் வீட்டில் நடந்த வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே போய் உட்கார்ந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பணத்தைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குக் கோயில் கட்டினார். பட்டம்மாள் காஞ்சிபுரத்தில், பெண் பொது இடத்தில் பாடுவதை நினைத்தும் பார்க்காத ஆசாரமான பிராமணக் குடும்பத்தில் 1919-இல் பிறந்தவர். 1932-இல், பதின்மூன்று வயதில், சென்னையில் ரசிக ரஞ்சனி சபையில் அவர் பாடியது பெரிய துணிச்சல்தான். ஆனால் அந்த வீட்டு வாசலைத் தாண்டி வந்த அவருக்கு ஏறுவதற்கு ஒரு மேடை இருந்ததென்றால், அதற்கு அந்தப் பெண்களும் காரணம். ‘முதல் பெண்’ என்று ஒரே மூச்சில் சொல்லும்போது அவர்கள் அத்தனை பேரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். இது பட்டம்மாளுக்கும் பெருமை சேர்ப்பதில்லை.

அவர் கற்றுக்கொண்ட விதம்தான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. குருகுலவாசம் என்று எதுவும் கிடையாது. தந்தை தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர் விடியற்காலையில் எழுப்பிச் சுலோகங்களும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். அதே ஊரில் பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை இருந்தார். லயக் (தாளக்) கணக்குகளில் ஊறிய அவருடைய பல்லவிகளைக் கேட்டுக் கேட்டு அந்தச் சிறுமியின் காது பழகியது. கச்சேரிகளில் கேட்ட உருப்படிகளைத் தம்பிகளோடு சேர்ந்து நினைவில் பிடித்து வந்து, வீட்டில் ஸ்வரப்படுத்திப் பாடிப் பார்த்திருக்கிறார். பிறகு, சம்ஸ்கிருதத்தில் கீர்த்தனைகள் இயற்றிய முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்து வழி வந்த அம்பி தீட்சிதரிடமும், அவருடைய மாணவரான டி.எல். வெங்கடராம ஐயரிடமும் தீட்சிதர் கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். வெங்கடராம ஐயர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். (தீர்ப்பு எழுதிய கையே பாட்டுக்குத் தாளமும் போட்டது என்பதை நினைத்தால் இன்றைக்குப் பொறாமையாக இருக்கிறது.) முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பட்டம்மாள் பாடிக் கேட்டால், சாகித்யத்தின் ஓர் எழுத்துகூட மழுங்காது, சம்ஸ்கிருதம் தெரியாத என் பாட்டிகூட எந்த இடத்தில் சொல் பிரிகிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிடுவாள்.

இனி பல்லவி. ஒரே ஒரு வரி. அதைத் தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனத்துக்குள் அடக்கி, தாளத்தின் முதல் அடியான சமத்தில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுத்து, நடுவில் வரி நின்று பிரியும் அருதி விழ வேண்டிய இடத்தில் விழும்படி பாட வேண்டும். இதுவரை சரி. பிறகு கைத் தாளத்தின் வேகத்தை மாற்றாமல் அதே வரியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் பாட வேண்டும். வரி விரையும்போது அது தொடங்கும் இடமும் மாறும். பாடிக்கொண்டே மனத்துக்குள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேல், அதே வரியைப் புதிது புதிதாக விரிக்கும் நிரவல், மும்மூன்றாகப் பிரித்துப் பாடும் திஸ்ரம், ஸரிகம எழுத்துகளால் பாடும் ஸ்வரம் எல்லாம் இருக்கின்றன. என் பத்தொன்பதாவது வயதில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரட்டிக்கும் இரண்டு களையில், எளிய பல்லவி ஒன்றைப் பாட முயன்றேன். இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, போனதும் கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போய்விட்டன. அன்றைக்கு என் ஆசிரியர், “பெண்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, நாலு துக்கடாவை (கச்சேரிக் கடைசியில் வரும் சிறு பாட்டுகளை) நன்றாகப் பாடு, போதும்” என்றார். பட்டம்மாள் பல்லவி பாடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகு சொல்லப்பட்ட வார்த்தை அது.

வீட்டுக்கு வந்து அவருடைய பல்லவி ஒன்று பதிவான ஒலிநாடாவைப் போட்டு, தொடையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டேன். மூன்று காலங்களிலும் என் கைதான் தடுமாறியது. அவர் குரலில் அவசரத்தின் சாயலே இல்லை. கணக்குப் போடும் சத்தம் கேட்காத கணக்கு அது. அவரைப் ‘பல்லவி பட்டம்மாள்’ என்று வாயாரச் சொல்பவர்களே அடுத்த மூச்சில், கணக்குதான் இவருக்கு, உருக்கம் எம்.எஸ். சுப்புலட்சுமியிடம் என்று பங்கு பிரிப்பதுண்டு. சுத்தானந்த பாரதியாரின் ‘எப்படிப் பாடினரோ’ என்ற பாட்டை அவர் குரலில் ஒருமுறை கேட்டவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பெண்களின் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் பட்டம்மாளுக்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டார். மணி ஐயரின் மகள் பட்டம்மாளின் மருமகளானதையே இதற்குக் காரணமாகச் சிலர் சொல்வார்கள். சம்பந்தி என்ற முறைக்காகத் தம் மிருதங்கத்தின் தரத்தைத் தாழ்த்திக்கொள்பவரா மணி ஐயர்? எதிரில் இருந்த லயம் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

திரைப்படத்தில் காதல் பாட்டுப் பாட மாட்டேன் என்று மறுத்தவர், 1939-இல் ‘தியாகபூமி’யில் தேச சேவைக்கு அழைக்கும் பாட்டைப் பாடினார், 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாடினார். சுதந்திரம் அடைந்துவிட்டதாக அந்தப் பாட்டு கொண்டாடுகிறது. ஆனால் படம் வெளிவந்த போது சுதந்திரம் இன்னும் வந்திருக்கவில்லை. அந்தக் குரலில் சந்தேகத்தின் இழைகூட இல்லை.

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1970-இல் அவருக்குக் கிடைத்தது. கூடவே பாடி வளர்ந்த தம்பி டி.கே. ஜெயராமனுக்கும் 1990-இல் அதே விருது வந்தது. 2009-இல் பட்டம்மாள் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் ‘முதல் பெண்’தான் முன்னால் நின்றது.

அந்த ஒலிநாடா இப்போது தேய்ந்து, மேல்ஸ்தாயி வரும் இடங்களில் லேசாக இரைகிறது. மூன்றாம் காலம் முடிந்து அவர் மறுபடி முதல் வேகமான கீழ்க்காலத்தில், வரி தொடங்கும் எடுப்பைப் பிடிக்கும் இடத்தில், சபையிலிருந்து யாரோ ஓர் ஆண் குரல் தன்னை மறந்து “சபாஷ்” என்கிறது. பட்டம்மாள் அதற்காக ஒரு கணமும் நிற்காமல் நிரவலுக்குப் போய்விடுகிறார்.