‘கையில் வைத்தும் ஆடலாம்’ என்று டிக் போட்டது யார்?

சாலட்டில் வெள்ளரிக்காய் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு மனுஷி எவ்வளவு தூரம்தான் குனிவாள்? ஓவர்குக்டு 2 என்ற வீடியோ கேமில் சாலட் ஆர்டர் மூன்று விதமாக வரும். வெறும் லெட்டூஸ் ஒன்று, லெட்டூஸோடு தக்காளி இன்னொன்று, அந்த இரண்டோடு வெள்ளரிக்காயும் சேர்ந்தது மூன்றாவது. எது எந்த ஆர்டர் என்று சொல்வது திரையில் வரும் ஆர்டர் சீட்டின் அடியில் வரிசையாக இருக்கும் பொடிப் படங்கள்தான். கையில் பிடித்து ஆடும் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் 6.2 இஞ்ச் திரையில் அதைப் பார்த்தால் பச்சையாக ஏதோ ஒன்று, பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு, அப்புறம் இன்னொரு பச்சை இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அதற்குள் நேரம் முடிந்து ஆர்டர் போய்விடுகிறது, மதிப்பெண்ணும் குறைகிறது.

விளையாடாதவர்களுக்கு ஒரு வரி. இது சமையலறையில் ஓடும் விளையாட்டு. ஆர்டர் சீட்டுகள் மேலே இடது ஓரத்தில் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் காய் வெட்டி, அடுப்பில் ஏற்றி, தட்டில் வைத்து, ஜன்னலில் கொடுக்க வேண்டும். இறக்க மறந்தால் கருகித் தீப்பிடிக்கும், அழுக்குத் தட்டைக் கழுவவும் நீங்கள்தான் போக வேண்டும். சில இடங்களில் சமையலறையே நகரும், ஓரிடத்தில் காற்று பலூனில் ஆரம்பிக்கிற சமையலறை பாதி ஆட்டத்தில் கீழே விழுந்து, சாலட் போட்டுக்கொண்டிருந்த நீங்கள் சுஷி உருட்ட வேண்டியதாகிவிடும். இது எல்லாமே எனக்குப் பிடிக்கும். நகரட்டும், விழட்டும், தீப்பிடிக்கட்டும், அதற்காகத்தானே ஆடுகிறோம். ஆனால் என்ன சமைக்க வேண்டும் என்றே தெரியாமல் தோற்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது? கை வேகம் போதாமல் தோற்றால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். சீட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் தோற்றால் எரிச்சல்தான் வருகிறது.

"டிவியில் போட்டு ஆட வேண்டியதுதானே" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டிவி அம்மாவுடையது, சீரியல் முடியும்வரை ரிமோட்டைத் தொட முடியாது, தொடவும் மாட்டேன், அந்த நேரம் அவருக்கு வேண்டும். அதனால்தான் கையில் வைத்து ஆடும் கருவியை வாங்கினேன். 2017-இல் ஸ்விட்ச் வந்தபோது அதை விற்றதே இதைச் சொல்லித்தானே: டிவியில் ஆடலாம், மேசையில் நிற்க வைத்து ஆடலாம், கையில் பிடித்தும் ஆடலாம். விளையாட்டு விற்கும் பக்கத்திலும் இந்த மூன்றுக்கும் தனித்தனியாகக் குறி போட்டுக் காட்டுகிறார்கள். ஓவர்குக்டு 2-க்கு மூன்றும் உண்டு. அந்த மூன்றாவது டிக்கைப் போட்டவர் ஒரு முழு ஆட்டமாவது கையில் பிடித்து ஆடிப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

மேசையில் நிற்க வைத்து ஆடுவது இன்னும் மோசம். லீவுக்கு அக்கா மகள் வந்தால் ஆளுக்கொரு ஜாய்கானை, அதாவது கருவியின் பக்கத்திலிருந்து கழற்றும் பட்டன் பிடியை, படுக்கவாட்டில் பிடித்துக்கொண்டு உட்காருவோம். கையில் வைத்திருந்தால் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திரை, இப்போது கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும். 43 இஞ்ச் டிவிக்கென்று வரைந்த படம் 6.2 இஞ்சில் வரும்போது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கையில் பிடிக்கும்போதாவது கிட்டே வைத்துச் சமாளிக்கலாம், மேசையில் அதுவும் முடியாது. "சித்தி, வெள்ளரிக்காய் போடணுமா?" என்று அவள் கத்துவாள். "தெரியலடி கண்ணு" என்பதுதான் என் பதில். ஒன்பது வயதுக் குழந்தைக்கும் தெரியவில்லை என்றால் "கண்ணாடியை மாற்றுங்கள்" என்று எனக்குப் புத்தி சொல்ல வராதீர்கள், தயவுசெய்து.

இதில் பழைய ஸ்விட்ச்சின் முட்டுக்கொடுக்கும் கால் இருக்கிறதே, பின்பக்கம் ஒரு ஓரத்தில் மெல்லிய பட்டை, ஒரே சாய்வில்தான் நிற்கும். சார்ஜ் ஏற்றும் இடம் அடிப்பக்கத்தில் இருப்பதால் நிற்க வைத்தபடி சார்ஜும் போட முடியாது. சரி, அது கருவியின் குறை, அதைத் தனியாகத் திட்டிக்கொள்ளலாம். இங்கே என் கோபம் விளையாட்டு செய்தவர்கள்மேல்தான்.

ஏனென்றால் இதைவிடச் சின்னத் திரையில், இதைவிட மட்டமான படத் தெளிவில், சமையல் விளையாட்டை ஒழுங்காகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2006-இல் டிஎஸ் என்ற பழைய கைக்கருவிக்கு வந்த குக்கிங் மாமா விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக இரண்டு திரை, ஒவ்வொன்றும் வெறும் 3 இஞ்ச், அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 192, அவ்வளவுதான். ஆனால் காய் வெட்டும் கட்டம் வந்தால் கீழ்த்திரையில் வெட்ட வேண்டிய காய் மட்டும் பெரிதாகக் கிடக்கும், குச்சிப் பேனாவை அதன்மேல் இழுத்தால் துண்டு விழும். கிளற வேண்டுமென்றால் வட்டமாகச் சுற்ற வேண்டும், சூடு ஆற வேண்டுமென்றால் மைக்கில் வாயால் ஊத வேண்டும். அந்த நிமிஷத்துக்குத் தேவையான ஒரே ஒரு பொருள், அதுவும் திரை நிறைய. கையில் இருக்கிற கருவி இது, இதன் அளவு இவ்வளவு என்று முதல் நாளே உட்கார்ந்து யோசித்துச் செய்தது அது. ஸ்விட்ச்சிலும்தான் தொடுதிரை இருக்கிறது. ஒரு சீட்டை விரலால் தொட்டால் பெரிதாக விரிந்து காட்டுவது அவ்வளவு பெரிய கம்பசூத்திரமா?

இல்லை, பழைய கதை வேண்டாம், ஸ்விட்ச்சிலேயே காட்டு என்பீர்களா? வெண்பா என்ற சமையல் விளையாட்டு இருக்கிறது. 2023-இல் டொரண்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் இட்லி ஊற்றும் இடத்தைப் பாருங்கள். அடுப்பும் பாத்திரமும் தட்டுகளும் முகத்துக்கு நேராக, கிட்டத்தில். சமையல் குறிப்புப் புத்தகம் அழிந்தும் கிழிந்தும் போயிருக்கும், மிச்சத்தை நாம் ஊகிக்க வேண்டும், இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகப் போகும் என்று யோசிக்க வேண்டும். கடிகாரம் துரத்தாது. அது வேறு மாதிரி விளையாட்டு, அமைதியானது, ஓவர்குக்டு மாதிரி ஓட்டமும் கூச்சலும் இல்லை என்பது எனக்கும் தெரியும், இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் ஆடுகிறவர் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கிற அளவில் காட்டவேண்டும் என்ற கவலை ஒரு சின்னக் குழுவுக்கு இருந்திருக்கிறது.

இப்போது என் வயிற்றெரிச்சலின் உச்சத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு ஓவர்குக்டையும் சேர்த்து ‘ஆல் யூ கேன் ஈட்’ என்று மறுபடி செய்து வெளியிட்டார்கள், ஸ்விட்ச்சுக்கு 2021 மார்ச்சில் வந்தது. அதில் என்ன புதிதாகச் சேர்த்தார்கள் தெரியுமா? திரையில் உள்ள சீட்டு, எண் இவற்றையெல்லாம் பெரிதாக்கும் வசதி! எழுத்துகளைப் பிரித்துப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்று தனி எழுத்துரு, நிறக்குருடு உள்ளவர்களுக்கு வேறு நிற அமைப்பு, ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ளும் உதவி முறை என்று எல்லாம். செய்தது ரொம்ப நல்ல காரியம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இது முடியும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, தேவை என்பதும் தெரிந்திருக்கிறது, பிறகு எதற்காக அதைத் தனி விளையாட்டாக, தனி விலைக்கு விற்க வேண்டும்? 2018-இல் வந்த ஓவர்குக்டு 2-ஐக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? பார்க்க முடிவது என்ன கூடுதல் வசதியா, கூடுதல் காசு வாங்குவதற்கு?

"பெரிய திரையோடு புதுசு வந்திருக்கிறதே, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இன்னொரு கூட்டம். ஆமாம், 2021-இல் 7 இஞ்ச் வந்தது, 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-வுக்கு 7.9 இஞ்ச். பெரிய திரை நல்லதுதான். அதே சமயம் 2019-இல் லைட் என்று 5.5 இஞ்சில் ஒன்றை விற்றார்களே, அதை டிவியில் மாட்டவே முடியாது, கையில் பிடிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. அதை வாங்கிக் கொடுத்த பெற்றோர்களும் அதை வைத்திருக்கிற பிள்ளைகளும் என்ன செய்வார்கள்? ஒரு விளையாட்டில் வெள்ளரிக்காய் தெரியவில்லை என்பதற்காகக் கருவியையே மாற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஆர்டர் சீட்டைப் பெரிதாக்கும் வசதியை 2018 விளையாட்டுக்கும் ஒரு அப்டேட்டாகக் கொடுங்கள், காசு வாங்காமல். முடியாது என்றால் கடைப் பக்கத்தில் ‘கையில் வைத்தும் ஆடலாம்’ என்று போட்டிருக்கிற அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.