"பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும்" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

என் பழைய கார் எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறது என்று ஆறு மாதத்தில் மூன்று பட்டறை, மூன்று பில். மூன்று இடத்திலும் ரேடியேட்டரைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், கேஸ்கெட்டை, அதாவது எண்ணெய் கசியாமல் இரண்டு பாகத்துக்கு நடுவில் வைக்கும் அடைப்பை, மாற்றிவிட்டோம் என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். மூன்று தடவையும் மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் விரித்த அட்டையை இழுத்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே கறுப்பு வட்டம். ஐம்பது காசு அளவில் தொடங்கும், சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிடும். எனக்கு வயிறு எரிகிறது. இதை எங்கேயாவது கொட்டித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது.

வண்டி 1959ஆம் வருடத்து மோரிஸ் மைனர் 1000. 948 சிசி எஞ்சின். அப்பா வாலிபத்தில் ஒரு தவுக்கேயிடம் (சீன முதலாளியிடம்) டிரைவராக இருந்தபோது ஓட்டியது இதே மாடல். அதற்காகத்தான் வாங்கினேன். சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தில் குறைந்தது 35 வயதான காருக்குத்தான் இடம். வருடத்துக்கு 45 நாள்தான் ரோட்டில் ஓட்டலாம். நாற்பத்தைந்தே நாள்! அப்பாவுக்கு இப்போது 84 வயது. ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் உட்கார வைத்து, சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போய் வர ஒதுக்கி வைத்த நாட்கள் அவை. அதில் ஒன்பது நாள் பட்டறைக்குப் போவதிலும் வருவதிலுமே கரைந்துபோனது. காசை விடுங்கள், காசு வரும் போகும். அந்த ஒன்பது நாளை எந்தப் பட்டறை எனக்குத் திருப்பித் தரும்?

நானே செய்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நான் இருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில். கார்ப்பேட்டையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்க முடியாது. பார்க்கவும் கூடாது, அது எல்லாரும் நடக்கும் இடம். பக்கத்து புளோக் மலாய் அம்மா ஒருநாள் மார்க்கெட் பையோடு வந்தவர் என் எண்ணெய்மீது கால் வைத்து வழுக்கப் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டார், நல்லவேளை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்று எனக்கு இருந்த அவமானம் இன்னும் போகவில்லை. அதனால்தான் மூன்றாவது தடவையும் பணத்தைக் கட்டினேன்.

அந்த மூன்றாவது இடத்தில் இருந்த நம்மூர் ஃபோர்மன் சொன்ன பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. "அண்ணே, பழைய வண்டி. ஒழுகத்தான் செய்யும். ஒழுகலைன்னாதான் உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். 420 வெள்ளி வாங்கிக்கொண்டு சிரித்தார்.

சரி, என்ன கோளாறு என்று சொல்கிறேன். எஞ்சினின் முகப்பில், விசிறிக்குப் பின்னால், எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயின் ஓடுகிறது. அதை மூடியிருப்பது வெறும் தகர மூடி, அச்சில் அழுத்தி எடுத்தது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காகித கேஸ்கெட். மூடியின் நடுவில் கிராங்க் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், நுழையும் ஓட்டை, அதைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒரு வளையம், ஆயில் சீல். மொத்தமே இவ்வளவுதான். கேஸ்கெட் மலிவான சாமான். அதை அடைவதற்குத்தான் தண்ணீரை வடித்து, ரேடியேட்டரையும் பெல்ட்டையும் எடுத்து, புல்லியின் பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். பில்லில் பெரும் தொகை அந்தக் கூலிக்குத்தான். அவ்வளவு கூலி வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், போன இடத்தில் என்ன பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்க வேண்டாமா?

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்றே மூன்று பேரும் பார்க்கவில்லை. விசிறிக் காற்றில் எண்ணெய் எஞ்சின் முழுக்கப் பூசிக்கொள்ளும், எல்லா இடமும் ஒழுகுவதுபோலத்தான் தெரியும். முதலில் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அப்புறம் சந்தேகப்படும் இடத்தில் முகப்பவுடரைத் தூவி, பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் கோடு போட்டுக் காட்டிவிடும். இதை எனக்குச் சொன்னது என் சித்தப்பா. செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் ஃபிட்டராக முப்பது வருடம் கழித்தவர். போன மாதம் சுங்கை காடுட்டில் அவருடைய கூட்டாளி ஒருவரின் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் இருவரும் வண்டியைத் திறந்தோம்.

மூடி வெளியே வந்ததும் சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அதை ஒரு கண்ணாடிப் பலகைமீது கவிழ்த்து வைத்து விரலால் ஒரு ஓரத்தைத் தட்டினார். டக் டக் என்று ஆடியது. "இங்க பாருடா" என்றார். ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகரம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. ஒழுகுகிறது என்றதும் போல்ட்டை இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு என்று மூன்று பட்டறையும் முறுக்கியதன் அடையாளம் அது. போல்ட் இருக்கும் இடத்தில் அழுந்தி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தூக்கிக்கொள்ளும். தங்க கேஸ்கெட் போட்டாலும் அந்த இடைவெளி அடைபடாது. அதை அடைக்க என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? சிலிக்கோன்! டியூபைப் பிதுக்கி, கேக்குக்கு கிரீம் வைப்பதுபோலச் சுற்றி வைத்திருந்தார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டார்கள், நான் பார்ப்பேன் என்பதால். உள்ளே பிதுங்கியதை யார் பார்க்கப்போகிறார்கள்?

சித்தப்பா பார்த்தார். "சம்ப்பையும் இறக்கு" என்றார், எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை. இறக்கினோம். எண்ணெய் பம்ப்புக்குப் போகும் வழியில் உள்ள கம்பிவலையில் சிவப்பு சிலிக்கோன் துண்டுகள், புழுப்போல, ஏழெட்டு ஒட்டியிருந்தன. இன்னும் நாலு துண்டு சேர்ந்து வலை அடைத்திருந்தால் பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாது. ஓடும் எஞ்சின் சீக்கிரமே அரைந்து நாசமாகிவிடும். அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு நான் விரைவுச்சாலையில் போயிருக்கிறேன்! இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

இன்னும் இருக்கிறது. கிராங்க்கில், சீலுக்கு உள்பக்கம், ஆயில் த்ரோயர் என்று ஒரு வட்டத் தட்டு உண்டு. சீல்மீது எண்ணெய் பாயாமல் சுழற்றி வீசுவது அதன் வேலை. அதன் முகத்தில் ஆங்கில எஃப் எழுத்து அடித்திருக்கும். அந்த முகம் வெளிப்பக்கம், அதாவது எஞ்சினைப் பாராமல் இருக்க வேண்டும். எங்களுக்கு எஃப் தெரியவே இல்லை. கழற்றித் திருப்பினால் பின்பக்கம் இருக்கிறது. யாரோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அடுத்து வந்தவர் அதைக் கவனிக்காமலேயே மூடியிருக்கிறார். ஒரே ஒரு எழுத்து. படிப்பதற்கு ஒரு நொடி ஆகுமா?

சீல் புதிதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் உதடு, அதாவது உள்விளிம்பு, ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் புல்லியைத் தொடாமலே இருந்தது. மூடியை முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் புல்லியைத் திணித்தால் அப்படித்தான் ஆகும். சித்தப்பா செய்ததைச் சொல்கிறேன், அவசரமே இல்லாமல் செய்தார். மரக்கட்டைமீது மூடியை வைத்து ஒவ்வொரு ஓட்டையையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். இதற்கே ஒன்றரை மணி நேரம். புல்லியின் கழுத்தில் நகத்தால் வருடி, சீல் தேய்த்த பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. புது சீல், புது கேஸ்கெட். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, சீலில் எண்ணெய் தடவி, புல்லியை உள்ளே தள்ளினார். மூடி தானாக நகர்ந்து நடுவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.

கடைசியில் எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலிருந்து கீழே இறங்கும் மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதச் சொன்னார். ஊதினேன், காற்றே போகவில்லை. வருடக்கணக்கான கசடு. எஞ்சின் உள்ளே மூச்சுமுட்டினால் அழுத்தம் எந்தச் சந்து கிடைக்கிறதோ அந்த வழியாக எண்ணெயைத் தள்ளத்தான் செய்யும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினோம், பத்து நிமிட வேலை. மூன்று பில்லில் ஒன்றில்கூட அந்தக் குழாயின் பெயர் இல்லை.

மூன்று வாரம் ஆகிவிட்டது. அட்டை காய்ந்து கிடக்கிறது. 66 வயது எஞ்சின், ஒரு சொட்டு இல்லை.

வலையிலிருந்து எடுத்த சிவப்புத் துண்டுகளை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அந்த ஃபோர்மன் மேசைமீது கொண்டுபோய் வைக்கப்போகிறேன். பஸ்ஸில்தான் போவேன். மிச்சமிருக்கும் நாட்களில் ஒன்றைக்கூட அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.