டிஸ்டார்ஷன் பெடலை விற்கும் முன் கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள்

நான்கு வருடத்தில் ஐந்து டிஸ்டார்ஷன் பெடல் வாங்கியிருக்கிறேன். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்துச் சத்தத்தைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டிதான் அது. தேடியது ஒன்றே ஒன்றுதான். பீவி 5150, மேசா டூயல் ரெக்டிஃபையர் மாதிரி ஆம்புகளில் வருமே, நெஞ்சில் இடிக்கிற அந்த இறுக்கமான சத்தம். 100 வாட், 120 வாட் ட்யூப் ஆம்பையும் நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டையும் வீட்டில் வைத்து வாசிக்க வழியில்லை. அதனால் பெடல்.

ஒவ்வொன்றும் வந்த அன்று பிரமாதமாக இருக்கும். ஒரு வாரம் போனதும் அதே குறைதான்: தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம். கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, போதவில்லை போல என்று நினைத்து இன்னும் கெயின் உள்ள பெடலைத் தேடுவேன். அங்கேதான் தப்பு செய்தேன். இதே தப்பைப் பலர் செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வகை ஆம்புகளுக்கு இருக்கும் ஹை-கெயின் என்ற பெயரே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. அந்த ஆம்புக்குள் 12ஏஎக்ஸ்7 என்ற வகை ட்யூபுகளில் மூன்று நான்கு பெருக்கும் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் கட்டம் சிக்னலைப் பெருக்கும், அலையின் உச்சியை லேசாக நசுக்கும். அடுத்த கட்டத்துக்குப் போகும் வழியிலேயே பேஸ், அதாவது அடித்தொனி, கொஞ்சம் வடிகட்டப்படும். அது இன்னும் கொஞ்சம் நசுக்கி அடுத்ததிடம் கொடுக்கும். இப்படிப் படிப்படியாக நசுங்குவதால்தான் சத்தம் கரகரப்பாகவும் இருக்கிறது, இழுத்தும் நிற்கிறது. பேஸ் முன்கூட்டியே குறைந்துவிடுவதால் தடித்த கம்பியில் பாம் ம்யூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கியபடி) அடித்தால் சேறு மாதிரி குழையாமல் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. டோன் குமிழ்கள் இத்தனைக்கும் பிறகு வருகின்றன. குறைத்த பேஸை அங்கே திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.

பழைய பெடல்களின் வழி வேறு. 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1, ப்ரோகோ ராட் இரண்டுமே அடிப்படையில் ஒரு ஆப்-ஆம்ப் சிப்பில் சிக்னலைப் பெருக்கி, டையோடுகளில் ஒரே வெட்டாக வெட்டுபவை. ராட்டின் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதனிடம் போய் ரெக்டிஃபையரைக் கேட்கக் கூடாது.

இப்போது என் மெட்டல் ஸோன் கதை. 1991இல் வந்த பாஸ் எம்டி-2. இந்தப் பெடலைத் திட்டாத கிட்டார்காரரைப் பார்ப்பது கஷ்டம். நானும் விற்க முடிவு செய்திருந்தேன். கடைசியாக ஒருமுறை என்று ஒத்திகைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த ஆம்பின் பின்பக்கம் ‘ரிட்டர்ன்’ என்று ஒரு துளை இருந்தது. முன்பக்க இன்புட்டிலிருந்து கேபிளைப் பிடுங்கி அதில் செருகி, கீழ்க் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி ஒரு அடி அடித்தேன். கேபினெட்டின் முன்வலை அதிர்ந்தது. டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் குச்சியை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அதே பெடல், அதே கிட்டார். என்ன மாறியது? முன்பக்கம் செருகும்போது, ஏற்கெனவே நசுங்கி வடிவம் பெற்ற சத்தம், ஆம்பில் தொனியை உருவாக்கும் முதல் பகுதியான ப்ரீஆம்பில் இன்னொரு முறை நுழைகிறது. அங்குள்ள டோன் சர்க்யூட் சுத்தமான கிட்டார் சத்தத்துக்காகச் செய்தது. பெரும்பாலும் மிட்ஸைக் (நடுத்தர அலைவரிசைகளை) குழிவாக்கிவிட்டு ட்ரெபிளைத் (உச்ச அலைவரிசைகளை) தூக்கிக் காட்டும். ரிட்டர்னில் செருகினால் அதையெல்லாம் தாண்டி ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு நேராகப் போய்விடுகிறது. பெடலே ப்ரீஆம்ப் ஆகிவிடுகிறது. ஹை-கெயின் ஆம்பைப் போலச் செய்த பெடல் என்றால் அதன் வேலையே அதுதானே!

அப்புறம் மிட்ஸ். மெட்டல் ஸோனில் எந்த அலைவரிசையைத் தொடுவது என்று 200 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்த்த ஒரு வளையம் உண்டு. நான் எப்போதும் மிட்ஸை முழுக்கக் கழித்தே வைத்திருந்தேன். தனியாக வாசிக்கும்போது அது பயங்கரமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் என் கிட்டாரைக் காணோம். அன்று அந்த வளையத்தை 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, மிட்ஸைக் கொஞ்சம் கூட்டி, கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். ரிஃப்பின் ஒவ்வொரு சுரமும் காதில் விழுந்தது.

ஸ்பீக்கரையும் மறந்துவிடாதீர்கள். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். அந்தக் கரகரப்பில் பாதியை விழுங்குவதே அதுதான். பெடலை நேராகக் கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்ஃபோனில் கேட்டால் வண்டு சத்தம்தான் வரும். ஸ்பீக்கர் கேபினெட்டின் சத்தத்தைப் பாவிக்கும் கோப்பான கேபினெட் ஐஆர் ஒன்றைப் போட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் கருத்து: ஃப்ரீட்மன் பிஇ-ஓடி, எம்எக்ஸ்ஆர் 5150 ஓவர்டிரைவ், ரெவ் ஜி3 மூன்றும் குறிப்பிட்ட ஆம்பின் குணத்தை மனதில் வைத்தே செய்தவை. ஜி3 அந்தக் கம்பெனியின் ஜெனரேட்டர் 120 ஆம்பின் பர்ப்பிள் சேனலிலிருந்து வந்தது. கெயின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள், மிட்ஸுக்குத் தனிக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால் முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வையுங்கள். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க. ஆம்ப் வைத்திருப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரிட்டர்னில் செருகும் முன் பெடலின் லெவலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பல ஆம்புகளில் அந்த வழியில் வால்யூம் குமிழ் வேலை செய்யாது, பெடலின் லெவல்தான் மொத்தச் சத்தத்தையும் தீர்மானிக்கும். பக்கத்திலேயே ‘ஸ்பீக்கர்’ என்று எழுதிய துளையும் இருக்கும். அதில் பெடலைச் செருகிவிடாதீர்கள்.